கிணற்றுப் படம் மோசமான படம்

எனக்கு சினிமா ஆகாது. இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து யாரோ யாரையோ அடிப்பதைப் பார்ப்பதற்குப் பதிலாக, அந்த நேரத்தில் முல்லைக்குத் தண்ணீர் கட்டினால் நாலு பூ கூடப் பூக்கும் என்று நினைக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் இன்று, சமீபத்தில் வந்த படங்களில் எது உயர்ந்தது, எது குப்பை என்று வாரத்தில் இரண்டு நாள் வாய் கிழியப் பேசுகிறேன். பேசாமல் விட்டால் என் வீட்டுக்காரர் செத்துப்போவார். கூட்டிச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வளைகுடாவில் வெயிலில் கிடந்து பல வருஷம் கிரேன் ஓட்டினார். போதும், கீரமங்கலத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம் என்று வந்தவருக்கு, வந்த கொஞ்ச நாளிலேயே கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், இனி ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான் என்று. திங்களும் வியாழனும் ஆலங்குடி, திருவரங்குளம் வழியாகப் புதுக்கோட்டைக்குப் பஸ். ஆஸ்பத்திரியில் கையில் இரண்டு ஊசி குத்துவார்கள். ரத்தம் ஒரு குழாயில் மிஷினுக்குப் போய், சுத்தமாகி, இன்னொரு குழாயில் திரும்பி வரும். நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தாகத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்த நோயில் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. உடம்பிலேயே தங்கி நெஞ்சை அடைக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை காலையிலிருந்து ராத்திரி வரை வாழ்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். தோட்டத்தில் மோட்டார் ஓடினால் அந்தப் பக்கமே போகமாட்டார். நான் குடத்தைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். புருஷனுக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிற பொம்பளையாக ஆகிப்போனேன்.

ஆரம்பத்திலேயே ஒரு தடவை, இந்த டயாலிசிஸையே விட்டுவிடலாம் என்று சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு, சம்சாரத்திடம் காய் வாங்கச் சொல்கிற குரலில் சொன்னார்.

அப்போதுதான் அடுத்த கட்டிலுக்கு கட்டுமாவடிக்காரர் வந்து சேர்ந்தார். கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். படகு வந்து கூடையை இறக்கினால் அவர் குரல்தான் அடுத்த தெரு வரைக்கும் கேட்குமாம். நோய் வந்து உடம்பு பாதியாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. முதல் நாளே என் வீட்டுக்காரரை மாப்ள என்று கூப்பிட்டார். இவரும் மச்சான் என்று எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் நான் அவருக்குத் தங்கச்சி ஆனேன்.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்று நினைவில்லை. வார்டு டிவியில் ஏதோ ஒரு சேனலில், இந்த வருஷத்தின் சிறந்த படம் என்று ஒன்றுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் படுத்தபடியே, சரியான தீர்ப்பு என்றார். என் வீட்டுக்காரர், அதெல்லாம் ஒரு படமா என்று கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. இவருக்கு மெதுவாகப் போகிற படங்கள் பிடிக்கும். சாதாரண ஜனங்கள், சாதாரணப் பேச்சு, அடிதடி இல்லாமல் இருக்க வேண்டும். மனுஷன் எப்படி இருக்கிறானோ அப்படியே காட்டுவதுதான் படம் என்பார். மச்சானுக்குத் தியேட்டர் அதிர வேண்டும். "மனுசன் இருக்கிறபடி பாக்கணும்னா நான் கண்ணாடியப் பாத்துக்குவேன்ல. அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்று அவர் கேட்க, மற்றக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். இவருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

டீக்கடையில் இப்படிப் பேச்சு முற்றினால் ஒருத்தர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடலாம். இங்கே ஊசி குத்திய கையோடு எங்கே போவது? நாலு மணி நேரமும் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே கிடந்தாக வேண்டும். பேசி முடித்தே தீர வேண்டும். ஆனால் ஒரு நாளும் முடிந்ததில்லை. மிஷினைக் கழற்றுகிற வரைக்கும் பேசி, மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வார்கள். பிரஷர் ஏறுகிறது, மெதுவாகப் பேசுங்கள் என்று நர்ஸம்மா அதட்டுவார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவர் அப்படிச் சொன்னாரே, அதற்கு நான் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று இவர் என்னிடம் பொருமிக்கொண்டே வருவார். திங்கட்கிழமை காலையில் நான் எழுப்புவதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். எனக்குக் கோயிலுக்குப் போய்க் கும்பிட வேண்டும்போல இருந்தது.

அவர்களாக இரண்டு சட்டம் போட்டுக்கொண்டார்கள். முதலாவது, தியேட்டரில் பார்த்த படத்தைப் பற்றித்தான் பேசலாம். போனில் பார்த்தது செல்லாது. பார்க்காதவருக்கு வாயே கிடையாது. இரண்டாவது சட்டத்தை ஒரு நாள் மச்சான் சொன்னார். ஏதோ ஒரு சண்டைப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, வழக்கம்போலக் கத்தாமல், தணிந்த குரலில் சொன்னார்.

"எடவேள வரைக்கும் எனக்குத் தண்ணி நெனப்பே வரல மாப்ள. முன் சீட்டுல ஒருத்தன் கலரு குடிக்கிறான், அது கண்ணுலயே படல. அதான் படம்."

வார்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எந்தப் படம் எத்தனை கோடி வசூலித்தது, யார் விருது வாங்கினார்கள் என்பதெல்லாம் அன்றோடு செத்துப்போனது. தாகத்தை மறக்கடித்தால் நல்ல படம். கையில் இருக்கிற பாட்டிலைத் தடவிப் பார்க்க வைத்தால் சுமார். மூடியைத் திறக்க வைத்தால் குப்பை. நாட்டில் எந்தப் பண்டிதரும் இப்படி ஒரு அளவுகோலைக் கண்டுபிடித்திருக்க முடியாது. என் வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டார். மச்சான் சொன்னதில் அவர் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பிறகு அந்தக் கிணற்றுப் படம் வந்தது. பெரிய நடிகர்கள் யாரும் இல்லை. புதுக்கோட்டையில் ஒரே ஒரு தியேட்டரில், மத்தியானம் ஒரே ஒரு காட்சி. அதற்குப் போக வேண்டும் என்று இவர் அடம் பிடித்ததால் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டிப்போனேன். உள்ளே ஏசி சுகமாக இருந்தது, நான் தூங்கிவிட்டேன். கதையை இவர் சொல்லித்தான் தெரியும். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர், பொதுவில் இருக்கிற ஒரு பாழும் கிணற்றை ஆழப்படுத்துகிறார்கள். ஒருத்தன் கீழே வெட்ட, ஒருத்தன் மேலே இழுக்க, படம் முழுக்க அதுதான். விளக்கு போட்டதும் நான் விழித்துப் பார்த்தால், இவர் மடியில் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருக்கிறது. அழுதிருந்தார் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

வியாழக்கிழமை வார்டில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். தாகத்தால் செத்துக்கொண்டிருக்கிற நாலு பேர் நடுவில், கிணறு வெட்டுகிற படம்தான் சமீபத்தில் வந்ததிலேயே சிறந்தது என்று ஒருத்தர் சாதித்தால் எப்படி இருக்கும்? மச்சான் விடவில்லை. கிணற்றைப் பார்த்தாலே தாகம் எடுக்குமே, அது எப்படி நல்ல படம் ஆகும் என்று கிண்டலடித்தார். அப்போது இவர் சொன்னார், "பாக்காதவருக்கு வாய் கெடையாது மச்சான். போய்ப் பாத்துட்டு வாங்க, அப்பறம் பேசுவோம்." சட்டப்படி சரியான பேச்சுதான். அடுத்த திங்கட்கிழமையும் அதையே சொன்னார். பார்த்துவிட்டே வருகிறேன் என்று மச்சான் சவால் விட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமை மச்சான் கட்டில் காலியாக இருந்தது. தோற்றுவிடுவோம் என்று பயந்து ஆள் வரவில்லை என்று இவர் வார்டுக்கே கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை போனபோது அந்தக் கட்டிலில் புதிதாக ஒருத்தர் படுத்திருந்தார். இவருக்கு ஊசி குத்தி மிஷினை ஓடவிட்ட பிறகு நர்ஸம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொல்லப் பார்த்தார். இவர் விடவில்லை, இங்கேயே சொல்லுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை பெரிய நடிகர் படம் வருவதால் கிணற்றுப் படத்துக்கு வியாழக்கிழமைதான் கடைசி நாள். செவ்வாய் முழுக்க மச்சானுக்கு அசதி. புதன்கிழமை நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். ஒரு தடவை டயாலிசிஸ் தவறினால் ஒன்றும் ஆகாது, முன்னேயும் அப்படி நடந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வராமல் தியேட்டருக்குப் போயிருக்கிறார். ஞாயிறு விடியற்காலம் மூச்சு அடைத்திருக்கிறது. ஆம்புலன்ஸ் அறந்தாங்கியைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

இவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் பிரஷர் பட்டை. கண்ணீர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் தலைகீழாக நின்று பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன், காலில் விழுந்தேன். கொழுந்தனார் வந்து பேசினார். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் திரும்பவே இல்லை. ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்.

"ஒருத்தன வாயாலேயே அனுப்பிட்டேன். நான் மட்டும் ஓடி ஓடி ரத்தத்தக் கழுவி என்ன பண்ணப் போறேன்?"

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைக்கோ நாளன்றைக்கோ கொண்டுவந்துவிடுங்கள், அதற்கு மேல் தள்ளினால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கண்ணுக்குக் கீழே பை பையாக வீங்கத் தொடங்கியிருந்தது. அந்த வீக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கொழுந்தனார் சம்சாரத்திடம் இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேராவூரணி போய் அங்கிருந்து கட்டுமாவடிக்கு பஸ் ஏறினேன். துக்கம் கேட்கத்தான் போனேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பிச்சை கேட்கப் போனேன். உங்கள் மேல் தப்பில்லை என்று அந்த அம்மா வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடைத்தால், அதைக் கொண்டுவந்து இவர் காதில் போட்டு எழுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

வழி முழுக்கப் பயம்தான். என் புருஷனைக் கொன்றுவிட்டு எந்த மூஞ்சியோடு வந்தாய் என்று கேட்டுவிடுவார் என்றே நினைத்தேன். வாசலில் என்னைக் கண்டதும் அந்த அம்மா, "வா ஆத்தா" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். பிறகு என் வீட்டுக்காரர் கிடக்கிற கிடையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நான் கேட்காததைச் சொன்னார். அன்றைக்குத் தியேட்டருக்கு அவரும் கூடத்தான் போனாராம்.

"படம் முடிஞ்சு லைட்டப் போட்டும் இந்த மனுசன் எந்திரிக்கல. பாட்டிலு எங்கிட்டதான் இருந்துச்சு, ஒரு தடவகூட கேக்கல. கடைசியில கெணத்துல தண்ணி வந்துச்சா வரலையான்னு காட்ட மாட்டேங்குறான், அண்ணங்காரன் குனிஞ்சு பாக்குற மொகத்தோட முடிச்சுட்டான். அதச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. 'தண்ணியக் காட்டல பாத்தியா, காட்டியிருந்தா நானும் பாட்டிலத் தொறந்திருப்பேன், அதான்டி படம்'னாரு. மாப்ள சொன்னதுதான் சரியாம். ஆனா ஒடனே ஒத்துக்கிற மாட்டாராம். கொஞ்சம் அலைய விட்டுத்தான் சொல்லுவாராம். வீடு வந்து சேருற வரைக்கும் ஒரே சிரிப்பு. நீ போய் தம்பிகிட்டச் சொல்லு, மனசு ஆறட்டும்."

துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எழுந்து பேசாமல் நடந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியிருந்தது. அந்த வார்த்தையை வழியில் கொட்டிவிடக் கூடாது என்று பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள்தான் ஜெயித்தீர்கள், மச்சானே ஒப்புக்கொண்டார்.

வெயில் தாழ்ந்து வீட்டுக்கு வந்தபோது இவர் அதே சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். மூச்சு மேல்மூச்சாக வந்துகொண்டிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் பாக்கியில்லை என்று மத்தியானம் சொன்னாராம். கொழுந்தனார் சம்சாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதைச் சொல்லி அழுதாள்.

அந்த "பாக்கியில்லை"யைக் கேட்டதும் அங்கேயே நின்றுவிட்டேன். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்று அப்படியே தெரிந்தது. அழுவார். மச்சான் ஒப்புக்கொண்டாரா என்று கேட்பார். நிம்மதியாகிவிடுவார். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருந்தது. நிம்மதியான ஆளை எழுப்பிப் பஸ் ஏற்ற என்னிடம் எதுவும் இல்லை. இவரை இத்தனை நாள் எழுப்பிக் கொண்டுபோனது மருந்தா, டாக்டரா, நானா? எதுவும் இல்லை. நீ சொல்வது தப்பு என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒருத்தர் சொல்லிக்கொண்டே இருந்தாரே, அதுதான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மனசுக்குள் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

"கட்டுமாவடிக்குப் போய்ட்டு வாரேன். அண்ணன் அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு. சுத்த மோசம்னு சொன்னாராம்."

அவர் முதுகு அசையவில்லை. போச்சு, தப்பாகச் சொல்லிவிட்டோம், இருக்கிற உயிரையும் எடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். சொன்னதைத் திரும்பவா எடுக்க முடியும்? மேலே போனேன். வீடு வந்து சேருகிற வரைக்கும் அதைத் திட்டிக்கொண்டே வந்தாராம், மாப்பிள்ளையைத் திங்கட்கிழமை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்றாராம், ஒரே இழுவை என்றாராம் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "எந்த எடத்துல இழுவையாம்?"

எனக்கு எந்த இடம் தெரியும்? நான்தான் முழுக்கத் தூங்கினேனே. என்னிடம் இருந்தது அந்த அம்மா சொன்ன ஒன்றுதான். அதையே எடுத்துக் குப்புறக் கவிழ்த்தேன். "கடைசியில தண்ணி வந்துச்சா இல்லையான்னு காட்டாம ஏமாத்திட்டானாம். அவ்வளவு நேரம் ஒக்காந்திருந்ததுக்குத் தண்ணியக் காட்ட வேணாமா, அது ஒரு படமான்னு கேட்டாராம்."

திரும்பினார். வீங்கிய கண் இரண்டும் பாதிதான் திறந்தன. அந்தப் பாதிக் கண்ணில் கோபம் இருந்தது. கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார், நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன்.

"என்ன பேசுறாரு மச்சான்? தண்ணியக் காட்டுனா அது தண்ணிக் கத. அது அண்ணன் தம்பிக் கத. அந்த மொகத்தப் பாத்தாலே தெரியாதா தண்ணி வந்துருச்சுன்னு? இதுகூடப் புரியாம…" மூச்சு வாங்கியது, நிறுத்தினார். மச்சானே இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. முகம் கோணியது. ஓவென்று அழுதார். செத்துப்போன சேதி கேட்டு அவர் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் பேச்சை இனி நான் பேசுகிறேன், தெம்பு இருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்து படுத்துப் பதில் சொல்லுங்கள் என்றேன். என் வாயா அப்படிப் பேசியது என்று எனக்கே இன்றுவரை நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் கொழுந்தனார் ஒரு கார் பிடித்து வந்தார். இரண்டு பக்கமும் ஆள் தாங்கிக்கொண்டுபோய் ஏற்றினோம். ஊசி ஏறி, மிஷின் ஓடத் தொடங்கி, மூச்சு கொஞ்சம் தணிந்ததும், கட்டில் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சொன்னார், "ம், சொல்லு. வேற என்ன சொன்னாரு?"

அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அண்ணன் சொல்லாததையெல்லாம் அண்ணன் பேரில் சொல்கிறேன். சட்டம் எனக்கும் சேர்த்துத்தான் என்பதால், இஷ்டமே இல்லாமல் தியேட்டருக்குப் போய் ஒவ்வொரு படத்தையும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறேன். இவருக்குப் பிடித்தது எனக்கு ஆகாது, இவருக்கு ஆகாதது எனக்கு உசத்தி. போன மாசம் ஒரு படம் எனக்கே நெஞ்சை அடைத்தது. அதையும் குப்பை என்று சொல்லி ஒரு மணி நேரம் சாதித்தேன். இப்படி எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. இப்போதெல்லாம் மிஷினிலிருந்து எழுந்தால் அவருக்குத் தலை சுற்றுகிறது. கையில் ஊசி குத்த இடம் கிடைக்கவில்லை என்கிறார்கள். என்றைக்காவது என்னிடம் சொல்ல எதிர்ப்பேச்சு இல்லாமல் போய்விடுமோ என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

உண்மை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கடைசி நேரம் என்று ஒன்று வந்தால், காதோரம் குனிந்து, நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று சொல்வதற்காக வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல நேரவே கூடாது என்றுதான் தினமும் சாமியைக் கும்பிடுகிறேன்.

போன திங்கட்கிழமை மிஷினைக் கழற்றுகிற நேரம். பேசிப் பேசிக் களைத்துக் கண்ணை மூடியிருந்தவர், மூடியபடியே கேட்டார்.

"ஏ, நெசமாச் சொல்லு. மச்சானுக்கு அந்தப் படம் நெசமாவே பிடிக்கலையா?"

நர்ஸம்மா ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கேட்ட குரலில் கோபமே இல்லை. களைப்புதான் இருந்தது. அந்தக் களைப்பில் ஒரு நிமிஷம் உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பிடிக்கல. மோசமான படம்னுதான் சொன்னாரு," என்றேன்.

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பஞ்சைத் தன் விரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"அவருக்குப் புரிய வைக்கிறேன் இரு," என்றார். "வியாழக்கெழம வந்து சொல்றேன்."